சீலியாக் நோய் இருப்பவர்கள் எந்த மதுவைக் குடிக்கலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி இதுதான்: சீலியாக் நோய் என்று உறுதியாகிச் சில மாதங்கள் ஆகின்றன. கோதுமை, பார்லி, ரை மூன்றையும் சாப்பாட்டிலிருந்து விலக்கியாகிவிட்டது, பீரையும் நிறுத்தியாகிவிட்டது. ஆனால் விஸ்கியும் பார்லியில்தானே செய்கிறார்கள், அதைக் குடிக்கலாமா? ஒயின் சரியா? 'குளூட்டன் இல்லாதது' என்று எழுதிய பீரை நம்பலாமா? நண்பர்களோடு வெளியே போனால் என்ன கேட்டு வாங்குவது?

முதலில் நேரடியான பதில். சாதாரண பீர் எந்த வகையானாலும் வேண்டாம். ஒயின், பிராந்தி, ரம், டெக்கீலா ஆகியவற்றில் குளூட்டனைப் பற்றிக் கவலை இல்லை. விஸ்கி, ஜின், ஓட்கா ஆகியவை தானியத்திலிருந்து வந்தவையாக இருந்தாலும், வடித்தெடுத்த பிறகு வேறு எதையும் கலக்காதவரை குடிக்கலாம். பார்லியில் காய்ச்சி, பிறகு குளூட்டனை 'நீக்கிய' பீரை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை, அது 20 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 20 பங்கு) கீழே என்று பாட்டிலில் எழுதியிருந்தாலும். இதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காரணம் பிடிபட்டுவிட்டால், இதுவரை பார்த்திராத ஒரு பாட்டில் முன்னால் வரும்போது நீங்களே முடிவெடுக்கலாம்.

எந்தப் பானத்தைப் பார்த்தாலும் கேட்க வேண்டியவை மூன்று. எதிலிருந்து செய்தார்கள்? நொதிக்க வைத்ததோடு நிறுத்தினார்களா, அதற்கு மேல் வடித்தெடுத்தார்களா? கடைசியில் என்ன சேர்த்தார்கள்? பலர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். அதனால்தான் விஸ்கியைக் கண்டு பயந்து, சுவையூட்டிய மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பானத்தை 'இது வெறும் பழச்சாறு மாதிரிதானே' என்று குடித்துவிடுகிறார்கள். ஆபத்து இருப்பதோ இரண்டாவதில்தான்.

குளூட்டன் என்பது புரதம். கோதுமையில் கிளையடின், பார்லியில் ஹார்டீன், ரையில் செகலின் என்று ஒவ்வொன்றிலும் ஒரு வடிவம். சீலியாக் உள்ளவர்களின் நோயெதிர்ப்பு அமைப்பு இந்தப் புரதத் துண்டுகளைக் கண்டதும் சிறுகுடலின் உட்சுவரையே தாக்க ஆரம்பிக்கிறது. சத்துகளை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. இங்கே நினைவில் வைக்க வேண்டியது, புரதம் ஆவியாகாது என்பது. சாராயம் என்கிற எத்தனால் சுமார் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. நொதித்த கலவையைச் சூடாக்கும்போது எத்தனாலும், கொஞ்சம் நீரும், மணம் தரும் சில எளிய சேர்மங்களும் ஆவியாகி மேலே போய், குளிர்ந்து, வேறு பாத்திரத்தில் இறங்குகின்றன. புரதம் கொதிகலனிலேயே தங்கிவிடும். உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்து அந்த ஆவியைப் பிடித்தால் அதில் உப்பு இருக்காது அல்லவா, அதே கணக்குதான்.

இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒவ்வாமை லேபிள் விதிகளில், வடித்த மதுவுக்குப் பயன்படும் தானியங்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவிலும், தானியத்திலிருந்து வடித்த மதுவில் புரதம் இல்லை, வடித்த பிறகு குளூட்டன் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று தயாரிப்பாளர் உறுதி செய்தால் 'குளூட்டன் இல்லாதது' என்று போடலாம் என 2020-இல் அனுமதித்தார்கள். ஆகவே பார்லி மால்ட் விஸ்கி, ரை விஸ்கி, கோதுமை ஓட்கா எல்லாமே இந்தக் கணக்கில் வரும். மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் வைப்பதாலும் இது மாறுவதில்லை. நிறத்துக்காகச் சேர்க்கும் கேரமலும் சீலியாக் உள்ளவர்களுக்குப் பொதுவாகப் பிரச்சினை இல்லை.

'அப்படியென்றால் எனக்கு விஸ்கி குடித்தால் மட்டும் ஏன் வயிறு கெடுகிறது?' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதை நான் ஒதுக்குவதில்லை. சாராயமே இரைப்பையையும் குடலையும் எரிச்சலூட்டும். ஆறிக்கொண்டிருக்கும் குடலில் அந்த எரிச்சல் இன்னும் கூடுதலாகத் தெரியும். கூடவே கொறித்தது என்ன, கலந்த பானத்தில் என்ன இருந்தது என்பதெல்லாம் உண்டு. காரணம் எதுவானாலும், ஒத்துக்கொள்ளாத ஒன்றை விதி அனுமதிக்கிறது என்பதற்காகக் குடிக்க வேண்டிய அவசியம் இல்லை. தானியமே வேண்டாம் என்று தோன்றினால் உருளைக்கிழங்கிலோ திராட்சையிலோ செய்த ஓட்கா இருக்கிறது. கரும்பு வெல்லப்பாகிலிருந்து வரும் ரம், திராட்சையிலிருந்து வரும் பிராந்தி, நீலக் கற்றாழையிலிருந்து வரும் டெக்கீலா ஆகியவற்றில் தானியப் பேச்சுக்கே இடமில்லை. மனதுக்கு நிம்மதி வேண்டுபவர்களுக்கு இவை நல்ல தேர்வு.

வடித்த மதுவில் உண்மையாகவே கவனிக்க வேண்டியது மூன்றாவது கேள்வி. லிக்யூர் எனப்படும் இனிப்பு மதுக்கள், கிரீம் கலந்தவை, காபி, சாக்லேட், பிஸ்கட், கேக் சுவை சேர்த்தவை ஆகியவற்றில் வடித்த பிறகுதான் எல்லாம் சேர்கிறது. பெரும்பாலானவற்றில் குளூட்டன் இருக்காது. ஆனால் 'இருக்காது' என்பதை ஊகத்தில் விடாமல், தயாரிப்பாளரின் ஒவ்வாமைத் தகவலைப் பார்த்து உறுதி செய்யுங்கள். கிரீம் லிக்யூரில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. குடலுறிஞ்சிகள் தேய்ந்திருக்கும் காலத்தில் பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதியும் குறைந்திருக்கும். எனவே குளூட்டனே இல்லாத கிரீம் மதுவும் வயிற்றை உப்ப வைக்கலாம். குடல் ஆறியதும் பலருக்கு இது சரியாகிவிடும்.

இப்போது பீருக்கு வருவோம். குழப்பம் அதிகமாக இருப்பதும், தப்பான நம்பிக்கையில் உடம்பைக் கெடுத்துக்கொள்வதும் இங்கேதான்.

பீர் நொதிக்க வைத்ததோடு நிற்கும் பானம், வடிப்பதில்லை. பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி மால்ட் ஆக்கி, வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாறு எடுத்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைச் சேர்த்துக் கொதிக்க வைத்து, ஈஸ்ட் போட்டு நொதிக்க விடுகிறார்கள். வழியில் புரதத்தின் ஒரு பகுதி படிந்து போகிறது, ஒரு பகுதி உடைகிறது, மிச்சம் கோப்பைக்கு வந்து சேர்கிறது. பீரின் மேலே நிற்கும் நுரைக்கே இந்தப் புரதங்களும் ஒரு காரணம். கோதுமை பீரிலும் கெட்டியான கறுப்பு பீர்களிலும் அளவு பொதுவாக அதிகம், மெல்லிய லாகரில் குறைவு. அந்தக் குறைவை நம்பி 'லைட் பீர் பரவாயில்லை' என்று சொல்வது தவறு. ஆல்கஹால் நீக்கிய பீரும் அதே மால்ட்டில் செய்ததுதான், அதில் போனது ஆல்கஹால் மட்டுமே.

'குளூட்டன் இல்லாத' பீர் என்ற பெயரில் இரண்டு வேறு வேறு சரக்கு கிடைக்கிறது. ஒன்று, ஆரம்பத்திலிருந்தே குளூட்டன் இல்லாத தானியத்தில் செய்தது: சோளம், சிறுதானியங்கள், அரிசி, மக்காச்சோளம், பக்வீட் போன்றவை. பக்வீட்டைப் பாப்பரை என்றும் சொல்வார்கள். ஆங்கிலப் பெயரில் கோதுமை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது கோதுமைக் குடும்பமே இல்லை. இந்த வகை பீர் உங்களுக்கானது. சுவை பார்லி பீரிலிருந்து கொஞ்சம் விலகித்தான் இருக்கும், ஆனாலும் நன்றாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

மற்றொன்று, வழக்கம்போலப் பார்லியில் காய்ச்சி, நொதிக்கும்போது ஒரு நொதியைச் சேர்த்து குளூட்டனைத் துண்டாக்கிய பீர். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையிலிருந்து எடுக்கும் நொதி அது. முதலில் அதைக் கொண்டுவந்தது பீரைக் குளிர வைக்கும்போது வரும் கலங்கலைத் தடுக்கத்தான். அந்தக் கலங்கலுக்குக் காரணமான புரதங்களில் புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது, நொதி சரியாக அந்த இடத்தில் வெட்டுகிறது. குளூட்டனிலும் புரோலின் அதிகம் என்பதால் அதுவும் வெட்டுப்படுகிறது. இதுவரை நல்ல செய்திதான். சிக்கல், வெட்டிய பிறகு எஞ்சியிருப்பதை அளப்பதில் வருகிறது.

உணவில் குளூட்டனை அளக்க வழக்கமாகப் பயன்படும் சோதனை எலைசா. அதன் பரவலான வடிவத்தில், ஒரு புரதத் துண்டை இரண்டு எதிர்ப்பொருள்கள் இரண்டு இடங்களில் பிடித்தால்தான் கணக்கில் வரும். முழுப் புரதத்துக்கு அது நன்றாக வேலை செய்யும். சின்னச் சின்னத் துண்டுகளில் பிடிக்க ஒரே ஒரு இடம்தான் இருக்கும், சோதனை 'ஒன்றும் இல்லை' என்று சொல்லிவிடும். ஒரே இடத்தைப் பிடித்தே அளக்கும் இன்னொரு வடிவமும் உண்டு. பீருக்கு அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது தரும் எண், உங்கள் நோயெதிர்ப்பு அமைப்பைத் தூண்டக்கூடிய துண்டுகள் எத்தனை என்பதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது நிரூபணம் ஆகவில்லை. நோயெதிர்ப்பு அமைப்புக்கு முழுப் புரதம் தேவையில்லை, ஒரு துண்டு போதும்.

2017-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், நோய் தீவிரமாக இருந்த 31 சீலியாக் நோயாளிகளின் ரத்தச் சீரத்தை (ரத்த அணுக்களை நீக்கிய தெளிந்த நீர்) பலவகை பீர்களோடு சேர்த்துப் பார்த்தார்கள். குளூட்டன் நீக்கிய பீருக்கு அதில் 2 பேருடையது வினைபுரிந்தது. குளூட்டனே இல்லாத தானியத்தில் செய்த பீருக்கு அந்த வினை இல்லை. 31-இல் 2 என்பது சிறிய எண், ஆய்வும் சிறியது. இதை வைத்து எல்லோருக்கும் ஆபத்து என்று சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் அந்த இருவரில் ஒருவரா என்று முன்கூட்டிச் சொல்ல எந்தச் சோதனையும் இல்லை. குடித்ததும் வயிற்று வலி வரும், கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். சீலியாக்கில் அறிகுறி ஏதும் இல்லாமலேயே குடல் சேதமாகலாம். என் தயக்கத்துக்கு முக்கியமான காரணம் அதுதான்.

20 பிபிஎம் என்ற எண்ணையும் கொஞ்சம் பார்ப்போம். ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராம் குளூட்டன் என்பது அதன் பொருள். சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸும் பல நாடுகளும் வைத்திருக்கும் வரம்பு இது. ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான சீலியாக் நோயாளிகளுக்குக் குடல் சேதம் ஏற்படுவதில்லை என்று கருதுகிறார்கள். நாளுக்கு 50 மில்லிகிராம் வீதம் 90 நாள் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் குடல் சேதம் தெரிந்தது. ரொட்டித் துண்டில் 20 பிபிஎம் என்றால் துண்டே 30, 40 கிராம்தான், அதனால் ஒன்றும் பெரிதில்லை. பீர் அப்படி இல்லை. அரை லிட்டரில் 20 பிபிஎம் இருந்தால் அதிலேயே 10 மில்லிகிராம் வந்துவிடுகிறது. இரண்டாவது, மூன்றாவது பாட்டிலுக்குப் போனால் கணக்கு எங்கே போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையான அளவு வரம்பைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும் என்பது சரி. ஆனால் அந்தக் குறைவைச் சொல்வதே மேலே சொன்ன நம்ப முடியாத சோதனைதான்.

இதில் நாடுகளுக்கு நாடு விதி வேறு என்பது பயணம் போகிறவர்களைக் கவிழ்த்துவிடும். ஐரோப்பாவில் பார்லி பீரும் 20 பிபிஎம்முக்குக் கீழே அளந்தால் 'குளூட்டன் இல்லாதது' என்று போட்டு விற்கலாம். அமெரிக்காவில் அப்படிப் போட முடியாது. குளூட்டன் உள்ள தானியத்திலிருந்து செய்து குளூட்டனை நீக்கப் பதப்படுத்தியது, இதிலுள்ள அளவை உறுதிப்படுத்த முடியாது, குளூட்டன் இருக்கலாம் என்ற பொருளில் எச்சரிக்கையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இன்னும் கடுமை: கண்டறியக்கூடிய குளூட்டனே இருக்கக்கூடாது, மால்ட் ஆக்கிய குளூட்டன் தானியமும் கூடாது. ஆகவே பாட்டிலின் முன்பக்கத்துப் பெரிய எழுத்தைவிடப் பின்பக்கத்துச் சிறிய எழுத்து முக்கியம். ஐரோப்பாவில் 1.2 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானங்கள் மூலப்பொருள் பட்டியல் கொடுக்க வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை என்றாலும், ஒவ்வாமைப் பொருளைச் சொல்லியாக வேண்டும். 'பார்லி உள்ளது' என்ற வரி கண்ணில் பட்டால், முன்பக்கம் என்ன சொன்னாலும் கீழே வைத்துவிடுங்கள்.

ஒயினுக்கு இவ்வளவு நீளம் தேவையில்லை. திராட்சை, ஈஸ்ட், அவ்வளவுதான். தெளிய வைக்க முட்டை வெள்ளை, பால் புரதம், களிமண் போன்றவற்றைப் பயன்படுத்துவார்கள், அவையும் வண்டலோடு போய்விடும். பழைய முறைப் பீப்பாய்களின் மூடி விளிம்பை அடைக்கக் கோதுமை மாவுப் பசை பூசுவது உண்டு என்று கேள்விப்பட்டுச் சிலர் கலங்குகிறார்கள். ஒயினை நிரப்பும் முன் பீப்பாயைக் கழுவுகிறார்கள், ஒயினுக்குள் போகக்கூடிய அளவும் மிகச் சொற்பம், இதற்காக ஒயினை விட வேண்டியதில்லை. ஷாம்பெயின், போர்ட், ஷெர்ரி எல்லாம் இதே கூட்டம்தான். 'ஒயின் கூலர்' மட்டும் தனி. பெயரில் ஒயின் இருக்கும், உள்ளே மால்ட் மதுவும் இருக்கலாம்.

அப்படிப் பெயரை வைத்து ஏமாறும் பானங்கள் இன்னும் சில உண்டு. டின்னில் வரும் எலுமிச்சைச் சுவைப் பானங்கள், ஹார்ட் செல்ட்ஸர் எனப்படும் ஆல்கஹால் சேர்ந்த சோடாப் பானங்கள் ஆகியவற்றில் ஆல்கஹால் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கரும்புச் சர்க்கரையிலிருந்து வந்தால் நல்லது, மால்ட் என்றால் வேண்டாம். வரிச் சட்டங்களுக்காக ஒரே வகைப் பானம் ஒரு நாட்டில் ஓட்காவிலும் இன்னொரு நாட்டில் மால்ட்டிலும் தயாராவது உண்டு, எனவே ஓர் ஊரில் குடித்தோம் என்று அடுத்த ஊரில் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். ஆப்பிள் சைடர் இயல்பில் பாதுகாப்பானது, சில தயாரிப்புகளில் மால்ட் சேர்ப்பதால் லேபிளைப் பார்க்க வேண்டும். தேன் மதுவும் அப்படியே. மால்ட் சேர்த்துக் காய்ச்சும் தேன் மது வகை ஒன்று தனியாக உண்டு. ரஷ்ய க்வாஸ் ரை ரொட்டியிலிருந்து வருவது, கூடாது.

கிழக்காசிய அரிசி மதுக்களில் நுணுக்கம் இருக்கிறது. ஜப்பானிய சாக்கே அரிசியும், அரிசியில் வளர்த்த கோஜிப் பூஞ்சையும் சேர்ந்து உருவாவது, பொதுவாகச் சிக்கல் இல்லை. கொரியாவின் மக்கொல்லியும் அரிசி மதுதான் என்று நினைத்துக் குடித்துவிடக்கூடாது. அதை நொதிக்க வைக்கும் நுருக் என்ற கட்டியைப் பெரும்பாலும் கோதுமையில் செய்கிறார்கள். சீனாவின் ஷாவ்ஷிங் அரிசி மதுவிலும் கோதுமை நொதிக் கட்டி சேர்கிறது, அது சமையலிலும் புழங்குவதால் சாப்பாட்டுத் தட்டிலும் வந்துவிடும். அதே கோதுமைக் கட்டியைப் பயன்படுத்திச் செய்யும் பைஜியு வடித்த மது என்பதால் அங்கே இந்தக் கவலை வேண்டாம்.

வெளியே போய்க் குடிக்கும்போது பாட்டிலைத் தாண்டியும் பார்க்க வேண்டியிருக்கிறது. பீர் ஓடிய அதே குழாயில் சைடரை மாற்றி விடும் இடங்கள் உண்டு, அதனால் சைடரையும் குளூட்டன் இல்லாத பீரையும் உங்கள் முன்னால் திறக்கும் பாட்டிலாகவோ டின்னாகவோ வாங்குங்கள். காக்டெய்லில் ப்ளடி மேரியைக் கவனியுங்கள். அதில் ஊற்றும் வொர்செஸ்டர்ஷயர் சாஸில் சில தயாரிப்புகள் பார்லி மால்ட் வினிகரைச் சேர்க்கின்றன. மால்ட் வினிகர் வடித்ததல்ல. கோப்பை விளிம்பில் பிஸ்கட் தூள் ஒட்டித் தரும் இனிப்பு காக்டெய்ல்கள், மேலே பீர் ஊற்றி முடிக்கும் காக்டெய்ல்கள் இரண்டும் வேண்டாம். குலுக்கும் குடுவையை நன்றாக அலசிவிட்டுச் செய்யச் சொல்வதில் எந்தச் சங்கடமும் வேண்டாம், 'எனக்கு மருத்துவக் காரணம், கோதுமையும் பார்லியும் துளிகூடக் கூடாது' என்று ஒரே வரியில் சொன்னால் பெரும்பாலானவர்கள் அக்கறையாகவே செய்துதருகிறார்கள். எளிய வழி, வடித்த மதுவோடு சோடாவும் எலுமிச்சையும், அல்லது ஒரு கோப்பை ஒயின்.

அப்புறம் கூட வரும் தீனி. மதுவில் இவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, இரண்டாவது கோப்பைக்குப் பிறகு மாவில் முக்கிப் பொரித்ததையோ சோயா சாஸில் வறுத்த கடலையையோ எடுத்துக் கொறிப்பது எப்போதும் நடப்பது. சோயா சாஸில் வழக்கமாகக் கோதுமை இருக்கும். என்ன கொறிக்கலாம் என்று போவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நோய் தெரிந்த முதல் மாதங்களில் குடிக்காமல் இருக்க முடிந்தால் இருந்துவிடுங்கள். சீலியாக் கண்டறியும்போது பலருக்குக் கல்லீரல் நொதிகள் கூடியிருக்கும், குளூட்டனை விட்ட 6 முதல் 12 மாதங்களில் பெரும்பாலும் இறங்கிவிடும். அந்தச் சமயத்தில் மது உள்ளே போனால் எண் ஏன் இறங்கவில்லை என்று மருத்துவருக்கே குழப்பமாகும். ஃபோலேட், இரும்பு, கால்சியம் உறிஞ்சுவது ஏற்கெனவே குறைந்து எலும்பு மெலிந்திருக்கலாம். அதிகமான மது ஃபோலேட்டையும் எலும்பையும் இன்னும் பாதிக்கும். சீலியாக்கோடு முதல் வகை நீரிழிவும் சேர்ந்து வருவது உண்டு. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு மது குடித்துப் பல மணி நேரம் கழித்துச் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம், அதை மருத்துவரிடம் பேசாமல் ஆரம்பிக்கக்கூடாது. குளூட்டன் இல்லை என்பதால் ஒரு மது உடம்புக்கு நல்லதாகிவிடாது. பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023-இல் சொன்னது உங்களுக்கும் பொருந்தும்.

கையடக்கக் குளூட்டன் சோதனைக் கருவியைப் பீரில் முக்கிப் பார்க்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். நொதித்துத் துண்டான புரதத்தை அவை சரியாகப் பிடிப்பதில்லை, 'இல்லை' என்று காட்டினாலும் அதற்கு அர்த்தம் கிடையாது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று காட்டுவது, சீலியாக்கில் கூடும் எதிர்ப்பொருளை அளக்கும் டிடிஜி-ஐஜிஏ ரத்தப் பரிசோதனை. மருத்துவர் சொல்லும் இடைவெளியில் அதைச் செய்யுங்கள். சாப்பாட்டில் எந்தத் தவறும் இல்லாமல் ஒரு வருடம் கழித்தும் எண் இறங்க மறுத்தால், குடிக்கும் பானங்களின் பெயர்களையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், மாதத்துக்கு ஒரு முறை மட்டும் குடிக்கும் அந்தக் குளூட்டன் நீக்கிய பீர் உட்பட.